பிலிப்பியர் நிருபத்தை ஒரு மாதத்தில் ஆழமாகப் படிப்பது எப்படி

பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதின நிருபத்தில் (கடிதத்தில்) 4 அதிகாரம், 104 வசனம். நிதானமாக வாய்விட்டு வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இருந்தும் இதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே அமர்வில் வாசித்தவர்களை நம் சபைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் 4:13 (4-ம் அதிகாரம், 13-ம் வசனம்) வந்திருக்கும். காலண்டரில் 4:19 இருக்கும். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் யாராவது 4:6-ஐச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வசனங்கள் நாவில் இருக்கின்றன. யார், எந்த நிலையில், எதற்காக அவற்றை எழுதினார் என்பது மட்டும் மனதில் இல்லை. அதனால்தான் அந்த வசனங்கள் தாங்க வேண்டிய நேரத்தில் நம்மைத் தாங்காமல் போகின்றன.

கடிதத்தைக் கடிதமாக வாசிக்கப் பழகினால் இது மாறும். கீழே இருப்பது நாலு வாரத்துக்கான முறை. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஞாயிறு ஆராதனைக்கும் மீள்பார்வைக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஓரத்தில் ஒத்துவாக்கியம் (தொடர்புடைய வேறு வசனங்களின் குறிப்பு) போட்ட வேதாகமம் ஒன்று. நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் பவர் ஐயர் தலைமையில் திருத்தி வெளியிடப்பட்டது. மனப்பாடத்துக்கும் வாய்விட்டு வாசிப்பதற்கும் அதற்கு ஈடு இல்லை என்பது எங்கள் எண்ணம். பக்கத்தில் இன்றைய தமிழில் உள்ள இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கிடைத்தால் நல்லது. அதில் பெயர்களின் எழுத்து வேறாக இருக்கும், 'அப்போஸ்தலர் நடபடிகள்' அங்கே 'திருத்தூதர் பணிகள்'. இரண்டு நாளில் பழகிவிடும்.

நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். வேதாகமத்தில் கோடு போடப் பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள். வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறி, அங்கேயிருக்கிற வசனத்தைக் கெடுத்துவிடும். தவிர, இந்த வாரம் முக்கியமாகப் பட்டது அடுத்த வாரம் வேறாகத் தெரியும். அழிக்க முடிகிற கோடு நல்லது.

கைப்பேசியில் வேதாகமம் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு மாதம் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். ஒரு பத்தி முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண் பார்க்க வேண்டும். கைப்பேசித் திரையில் ஐந்தாறு வசனத்துக்கு மேல் ஒரே பார்வையில் தெரியாது. ஒவ்வொரு வசனமும் தனித்தனியாக நிற்கிற அந்தத் தோற்றமே, துண்டு துண்டாக எடுக்கும் பழக்கத்தை வளர்க்கிறது.

நேரத்தைப் பற்றி: அதிகாலை நல்லதுதான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரும், ஐந்து மணிக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய தாயும் அதிகாலையைப் பிடிக்க முயன்று ஒரு வாரத்தில் கைவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கிற அரை மணி நேரம் எந்த விதத்திலும் பரிசுத்தம் குறைந்தது ஆகாது. தினமும் அதே நேரமாக இருக்கட்டும், அதே நாற்காலியாக இருக்கட்டும். படுத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

முதல் வாரம்: முழு நிருபம், ஆறு முறை

இந்த வாரம் முழுக்க ஒரே வேலைதான். தினமும் 1:1 முதல் 4:23 வரை வாய்விட்டு வாசியுங்கள். பவுலின் நிருபங்கள் சபை கூடிவந்த இடத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டவை. கண்ணால் ஓட்டும்போது தவறவிடுகிறதைக் காது பிடித்துக்கொள்ளும்.

அதிகார எண்களை நம்பி நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர், 1551-ல். பவுல் எழுதினபோது இரண்டும் இல்லை. இந்த நிருபத்தில் 2-ம் அதிகாரமும் 4-ம் அதிகாரமும் 'ஆதலால்' என்று தொடங்குவதைக் கவனியுங்கள். முன்னால் சொன்னதோடு ஒட்டிக்கொண்டு வருகிற வாக்கியத்தின் நடுவே யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள். 2:1-ஐப் புரிந்துகொள்ள 1:27-லிருந்து வர வேண்டும்.

முதல் நாள் எதையும் எழுதாதீர்கள், வாசித்தால் மட்டும் போதும். இரண்டாம் நாள் மனிதர்களின் பெயர்களைக் குறியுங்கள்: தீமோத்தேயு, எப்பாப்பிரோதீத்து, எயோதியாள், சிந்திகேயாள், கிலேமெந்து. பெயருக்கு எதிரே, அவர்களைப் பற்றி நிருபம் சொல்கிறதை மட்டும் எழுதுங்கள். பிரசங்கத்தில் கேட்டது வேண்டாம். மூன்றாம் நாள், எழுதுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதற்கான தடயங்களைத் தேடுங்கள். 1:7, 1:13, 1:14 மூன்றிலும் 'கட்டுகள்' வரும். 4:22-ல் இராயனுடைய (ரோமப் பேரரசனுடைய) அரமனையில் உள்ளவர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். விலங்கு பூட்டப்பட்ட ஒருவருடைய கடிதம் இது என்பது மூன்றாம் நாளில் உறைக்கத் தொடங்கும். ரோமில் இருந்து எழுதினார் என்பது பழைய கருத்து, எபேசு அல்லது செசரியா என்கிறவர்களும் உண்டு. உங்கள் படிப்புக்கு அந்த விவாதம் தீர வேண்டியதில்லை. அவர் கைதி, தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்கே நிச்சயமில்லை (1:20 - 26). அது போதும்.

நான்காம் நாள் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். 'சந்தோஷம்' எத்தனை முறை, 'சிந்தை' எங்கெங்கே, 'சுவிசேஷம்' எந்த அதிகாரத்தில் அதிகம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வேறொருவர் எண்ணிச் சொன்னால் அது தகவலாகத்தான் தங்கும். ஐந்தாம் நாள், இந்தச் சபையில் என்ன பிரச்சினை இருந்தது என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். 1:27, 2:2-4, 2:14-16, 4:2 ஆகிய இடங்களில் நின்று பாருங்கள். முறுமுறுப்பு, வாது, வீண்பெருமை, ஒரே சிந்தையில்லாமை. எல்லாம் ஒரே திசையைக் காட்டும்.

ஆறாம் நாள் நிருபத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் ஐந்து சொல்லுக்குள் தலைப்புப் போடுங்கள். நாங்கள் பிரிக்கிற விதம்: 1:1-11, 1:12-26, 1:27-2:18, 2:19-30, 3:1-4:1, 4:2-9, 4:10-23. உங்கள் பிரிவு வேறாக வந்தால் திருத்த அவசரப்படாதீர்கள். மாதக் கடைசியில் ஒப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்போஸ்தலர் 16:11-40-ஐ வாசியுங்கள். பிலிப்பி சபை பிறந்த கதை அது. ஆற்றங்கரையில் கூடின பெண்கள், இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்கிற லீதியாள், குறிசொல்லுகிற அடிமைப்பெண், அடி, தொழுமரம் (கைதியின் காலை மாட்டுகிற மரம்), நடுராத்திரிப் பாட்டு, பூமியதிர்ச்சி, சிறைச்சாலைக்காரன். பிறகு 1:30-க்குத் திரும்புங்கள். என்னிடத்தில் கண்ட போராட்டமே உங்களுக்கும் உண்டு என்கிறார். அவர்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். நிருபத்தை வாசித்துக் கேட்ட கூட்டத்தில் அந்தச் சிறைச்சாலைக்காரன்கூட உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு பின்னணியும் தேவை. பிலிப்பி மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்றப் பட்டணம். கி.மு. 42-ல் அதன் அருகே நடந்த போருக்குப் பின் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். ரோமக் குடியுரிமை அந்த ஊரின் பெருமை. பவுலும் அங்கேதான் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி அதிகாரிகளைப் பயப்பட வைத்தார் (அப். 16:37-39). இதை மனதில் வைத்துக்கொண்டு 3:20-ஐ வாசித்தால், பரலோகத்தின் குடிகள் என்பது அவர்கள் நெஞ்சில் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று தெரியும்.

நீண்ட வாக்கியத்தைப் பிரிப்பது

இளைஞர்கள் பழைய மொழிபெயர்ப்பைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம் வாக்கிய நீளம். ஐந்து வரி ஓடியும் முற்றுப்புள்ளி வராது. 'எல்லாவற்றையுஞ்செய்ய' என்று சொற்கள் வேறு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு எளிய வழி உண்டு. முதலில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் முற்றுவினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள்: 'பண்ணுகிறேன்', 'இருக்கக்கடவது', 'செய்யுங்கள்'. யார் அதைச் செய்கிறார் என்று கேளுங்கள். பிறகு 'படி', 'படிக்கு', 'ஏனெனில்', 'ஆதலால்', 'ஆகிலும்' என்ற இணைப்புகளைச் சின்னப் பெட்டிக்குள் அடையுங்கள். 'படிக்கு' வந்தால் நோக்கம், 'ஏனெனில்' வந்தால் காரணம், 'ஆதலால்' வந்தால் விளைவு. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பவுலின் வாதம் எலும்புக்கூடாகத் தெரியும். ஒட்டிய சொற்களைப் பென்சிலால் ஒரு சிறு சாய்கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னும் புரியாவிட்டால் இன்றைய தமிழ் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். முதலிலேயே அதற்குப் போனால் வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிற பலன் கிடைக்காது.

இரண்டு முதல் நாலாம் வாரம் வரை: ஒரு நாளுக்கு ஒரு பத்தி

இரண்டாம் வாரம்: 1:1-2, 1:3-11, 1:12-18, 1:19-26, 1:27-30, 2:1-4. மூன்றாம் வாரம்: 2:5-11 (இரண்டு நாள்), 2:12-18, 2:19-24, 2:25-30, 3:1-6. நாலாம் வாரம்: 3:7-11, 3:12-16, 3:17-4:1, 4:2-9, 4:10-14, 4:15-23.

அரை மணி நேரத்தை இப்படிப் பங்கிடுங்கள். இரண்டு நிமிஷம் ஜெபம். ஐந்து நிமிஷம் பத்தியை மூன்று முறை வாசிப்பு. பத்து நிமிஷம் நோட்டில் எழுத்து. ஐந்து நிமிஷம் ஒத்துவாக்கியம், நாளுக்கு இரண்டு வசனத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி ஏசாயாவில் போய் நிற்பீர்கள், பிலிப்பியர் மறந்துபோகும். மிச்சம் எட்டு நிமிஷம் வாசித்ததை வைத்தே ஜெபம்.

நோட்டுப் பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பகுதியில் வசனம் என்ன சொல்கிறது, உங்கள் சொந்த வாக்கியத்தில். இரண்டாவதில் அன்று பிலிப்பியில் கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும். மூன்றாவதில் இன்று நான் என்ன செய்ய வேண்டும். பெரும்பாலும் கெடுவது இந்த மூன்றாவதுதான். 'நான் அன்பாயிருப்பேன்', 'அதிகமாக ஜெபிப்பேன்' என்று எழுதினால் மறுநாள் அது எங்கும் இருக்காது. ஆள், செயல், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். 'இன்று சாயங்காலம் மாமியாருக்குப் போன் செய்து, போன வாரம் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பேன்' என்பது எழுதத் தகுந்தது. ஒவ்வொரு நாளும் இப்படி ஒன்று கிடைக்காது. சில பத்திகள் தேவனை ஸ்தோத்திரிக்க மட்டுமே வைக்கும். அந்த நாளில் மூன்றாவது பகுதியைக் காலியாக விடுங்கள், வலிந்து நிரப்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்றாவது பகுதியில் அடுத்தவர் பெயர் குற்றவாளியாக வரத் தொடங்கினால் பேனாவை வைத்துவிடுங்கள். முறுமுறுப்பைப் பற்றி வாசிக்கும்போது மருமகளும், வீண்பெருமையைப் பற்றி வாசிக்கும்போது சபைச் செயலாளரும் நினைவுக்கு வருவது மனித சுபாவம். அந்த வசனத்தைத் தன்மையில் திருப்பி, 'நான்' என்று வைத்து மறுபடி எழுதுங்கள்.

2:5-11-க்கு ஏன் இரண்டு நாள் என்றால், நிருபத்தின் இருதயம் அங்கே இருக்கிறது. முதல் நாள் அதைப் படிக்கட்டாக எழுதுங்கள். தாளின் இடது மேல் மூலையில் 'தேவனுடைய ரூபமாயிருந்தும்' என்று தொடங்கி, ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் வலப்புறமாகத் தள்ளி, கீழே கீழே இறக்குங்கள்: வெறுமையாக்கினார், அடிமையின் ரூபமெடுத்தார், மனுஷர் சாயலானார், தம்மைத் தாழ்த்தினார், மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார், அதுவும் சிலுவையின் மரணம். ரோமக் குடியுரிமை பெற்ற ஒருவரைச் சாதாரணமாகச் சிலுவையில் அறைய மாட்டார்கள். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை அது. ரோமப் பெருமை உள்ள ஊரில் இந்தக் கடைசிப் படி எவ்வளவு கீழே என்று யோசியுங்கள். அங்கேதான் 9-ம் வசனத்தின் 'ஆதலால்' வருகிறது. அதிலிருந்து ஏறுமுகம். இறங்கும்போது செய்கிறவர் கிறிஸ்து. உயர்த்தும்போது செய்கிறவர் தேவன். தன்னைத்தானே உயர்த்துகிற வினை ஒன்றுகூட அங்கே இல்லை.

இரண்டாம் நாள், இந்தப் பகுதி எதற்காக இங்கே வந்தது என்று கேளுங்கள். கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை நிரூபிக்க இதை எடுப்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பவுல் இதைச் சொல்ல நேர்ந்த காரணம் 2:3-4-ல் இருக்கிறது. ஒருவரையொருவர் மேன்மையாக எண்ணாத ஒரு சபைக்கு அவர் காட்டுகிற மாதிரி இது. வேதாகமத்தின் மிக உயர்ந்த உபதேசங்களில் ஒன்று, ஒரு சபைப் பூசலின் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய மூன்றாவது பகுதியை இதன்கீழ் எழுதுங்கள்.

2:12-ஐத் தனியாக எடுக்காதீர்கள். 'பயத்தோடும் நடுக்கத்தோடும்' என்பதோடு நின்றுவிட்டால் இரட்சிப்பை நாம் உழைத்துச் சம்பாதிக்கிறோம் என்ற பாரம் ஏறும். 2:13 உடனே, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். 3:2-ல் வருகிற 'நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்' என்ற கடுமையான வார்த்தை யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தினவர்களைக் குறித்தது. அதற்கு அப்போஸ்தலர் 15-ஐ வாசித்தால் போதும். இந்த வசனத்தைத் தனக்குப் பிடிக்காத சபைப் பிரிவின்மேல் வீசுவது வசனத்துக்குச் செய்கிற அநியாயம்.

4:2-9-ல் எல்லோருக்கும் பிடித்த இரண்டு வசனங்கள் இருக்கின்றன: சந்தோஷமாயிருங்கள், ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள். அந்தப் பத்தி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எயோதியாளும் சிந்திகேயாளும் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும் என்ற வேண்டுகோளில். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பிரயாசப்பட்ட இரண்டு பெண்கள் அவர்கள். சபைத் தேர்தல் முடிந்தபின் ஒருவரையொருவர் பார்க்காமல் நற்கருணைக்குப் போகிற இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொண்டு 4:4-7-ஐ வாசியுங்கள். சாந்தகுணம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும் என்ற 5-ம் வசனம் ஏன் நடுவில் வந்தது என்று அப்போது புரியும்.

4:13: முழு மாதிரி

'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.' பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா டப்பாவில் இந்த வசனம் இருக்கும். மார்க் குறைந்த பிறகு அந்தப் பிள்ளை இந்த வசனத்தை என்ன செய்வது? அதற்குப் பதில் பத்தியிலேயே இருக்கிறது.

பத்தி 4:10-ல் தொடங்கி 4:20-ல் முடிகிறது. நடந்தது என்ன என்று முதலில் எழுதுங்கள். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் பவுலுக்கு உதவி அனுப்பியிருக்கிறது (4:18). ரோமக் காவலில் இருந்த கைதிகளுக்குச் சாப்பாடும் மற்றத் தேவைகளும் பெரும்பாலும் உறவினரும் நண்பரும் கொண்டுவந்தால்தான் உண்டு. அதைக் கொண்டுவந்த மனிதர் வியாதிப்பட்டுச் சாகும் நிலைக்குப் போனார் (2:27). இது ஒரு நன்றிக் கடிதத்தின் பகுதி.

அடுத்து, 'எல்லாவற்றையும்' என்பது எவை? முந்தின வசனம் பட்டியல் தருகிறது: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தி, பட்டினி, பரிபூரணம், குறைவு. வயிறு நிறைந்த நாளிலும் காய்ந்த நாளிலும் ஒரே மனதோடு இருக்கிற பெலன்தான் அது. ஜெயிக்கிற பெலன் என்று மட்டும் எடுத்தால் பாதியை வெட்டிவிடுகிறோம். 11-ம் வசனத்தில் 'கற்றுக்கொண்டேன்' என்கிறார், அதாவது இது அவருக்கும் ஒரே நாளில் வரவில்லை.

மூன்றாவதாக, அடுத்த வசனத்தைப் பாருங்கள். 14 'ஆகிலும்' என்று தொடங்கி, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குகொண்டது நலமாயிருக்கிறது என்கிறது. பலரும் தாண்டிப் போகிற இடம் இது. கிறிஸ்து பெலன் தருகிறார் என்பதால் சகோதரரின் உதவி வேண்டாததாகிவிடவில்லை. உதவியை மறுக்கிற வைராக்கியத்துக்கு இந்த வசனத்தில் இடமில்லை.

நாலாவதாக, 4:19-ன் வாக்குத்தத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? பணம் அனுப்பினவர்களுக்கு. ஒத்துவாக்கியத்தில் 2 கொரிந்தியர் 8:1-2-ஐப் பாருங்கள். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்தன என்கிறது. தங்கள் குறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களின் குறைவை தேவன் நிறைவாக்குவார் என்பதே வாக்குத்தத்தம். காணிக்கை கொடுத்தால் பத்து மடங்கு வரும் என்ற பேரத்தையும் இந்தப் பத்தி தாங்காது, ஏனென்றால் 17-ல், உபகாரத்தை நான் நாடவில்லை என்று வாங்கினவரே சொல்லிவிட்டார்.

இத்தனையும் எழுதின பிறகு பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இந்த வசனத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ரேங்க் வந்தாலும் வராவிட்டாலும் கிறிஸ்து உன்னைத் தாங்குவார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளம் மூன்று மாதமாக வராத வீட்டிலும், மருந்துக்கு அண்ணன் கொடுத்த பணத்தை வாங்கக் கூசுகிறவரிடமும் இந்த வசனம் அப்போது பேசும்.

வசனத்தை வைத்து ஜெபிப்பது

1:9-11 பவுல் ஏறெடுத்த ஜெபம். அதை அப்படியே வேறொருவருக்காக ஜெபிக்கலாம். ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். 'உங்கள் அன்பு' என்ற இடத்தில் அவர் பெயரை வையுங்கள். அன்பு பெருக வேண்டும், அறிவோடும் உணர்வோடும் பெருக வேண்டும், எது உத்தமம் என்று பகுத்தறிய வேண்டும், நீதியின் கனிகளால் நிறைய வேண்டும். நாலு விண்ணப்பம், நாலு நிமிஷம். வேலை, விசா, கல்யாணம் என்று மட்டுமே பிள்ளைகளுக்காக ஜெபித்துப் பழகினவர்களுக்கு இது புதிய பாதையைத் திறக்கும். ஒரு வாரம் முழுக்க ஒரே ஆளுக்காக ஜெபியுங்கள்.

மனப்பாடம்

2:1-11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு வசனம், இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் மாதக் கடைசிக்குள் முடியும். தினமும் முதலில் நேற்றுவரை கற்றதைச் சொல்லிவிட்டு, பிறகு புதிய வசனத்தைப் பத்து முறை வாய்விட்டு வாசியுங்கள், பிறகு புத்தகத்தை மூடி ஐந்து முறை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே மொழிபெயர்ப்பில் நில்லுங்கள். இரண்டு மொழிபெயர்ப்பு கலந்தால் நடுவில் நாக்கு தடுக்கும். ஏழாம் நாள் புதியது வேண்டாம், முழுவதையும் வீட்டில் ஒருவரிடம் ஒப்புவியுங்கள்.

குடும்ப ஜெபத்தில்

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும். அன்றைய பத்தியிலிருந்து ஐந்தாறு வசனம், ஆளுக்கு ஒன்றாக வாசிப்பு. வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரு பங்கு வேண்டும்: கேட்டதில் மனதில் நின்ற சொல்லை அவர் சொல்லட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி, அதுவும் வசனத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கிற கேள்வி. 'எப்பாப்பிரோதீத்து எதற்காகக் கவலைப்பட்டார்?' என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் 2:26-ல் தேடிக் கண்டுபிடிக்கும். தன் வியாதிக்காக அல்ல, தான் வியாதியானதைச் சபை கேள்விப்பட்டதற்காக. அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

குடும்ப ஜெபம் சலித்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரின் பிரசங்கம். பகலில் நடந்த தப்பை ஜெபத்தில் வைத்துத் திட்டுவது அதைவிட மோசம். பிள்ளைகள் வசனத்தையே தண்டனையாக நினைக்கத் தொடங்குவார்கள். பதின்வயதுப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், உட்கார்ந்திருப்பதே பெரிது.

நின்றுபோனால்

ஒரு நாள் தவறினால் அந்த நாளின் பத்தியை விட்டுவிட்டு இன்றையதை எடுங்கள். நேற்றையதையும் சேர்த்துப் படிக்க நினைத்தால் மூன்று நாள் பாக்கி சேர்ந்து, பிறகு புத்தகமே பாரமாகிவிடும். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் முழு நிருபத்தையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு, விட்ட இடத்தில் தொடருங்கள். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு வாசியுங்கள். ஒன்றும் புரியாத நாளில் 'புரியவில்லை' என்று எழுதி, புரியாத வசன எண்ணைக் குறித்து ஞாயிறு உங்கள் ஆயரிடம் கேளுங்கள். குறிப்பான கேள்வியோடு வருகிறவரைப் பார்த்தால் எந்தப் போதகருக்கும் மகிழ்ச்சிதான்.

விளக்கவுரைகளையும் யூடியூப் செய்திகளையும் நாலாம் வாரம் முடிந்த பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் அவர்கள் கண்டதையே நீங்களும் காண்பீர்கள். நோட்டு நிரம்பினபின் திறந்தால், எங்கே நீங்கள் தவறாகப் புரிந்தீர்கள் என்பதும் தெரியும், எங்கே அவர் பத்தியை விட்டு விலகிப் போகிறார் என்பதும் தெரியும்.

முடித்த பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டு, சங்கீதங்களில் மட்டும் இருங்கள். அடுத்து கொலோசெயர் நல்லது, அதுவும் நாலு அதிகாரம், 95 வசனம், அதுவும் கட்டுகளில் இருந்து எழுதப்பட்டது. கதையாகப் படிக்க விரும்புகிறவர்கள் ரூத்தையோ (85 வசனம்) யோனாவையோ (48 வசனம்) எடுக்கலாம். அவற்றில் முதல் வாரக் கேள்விகளை மாற்றி, யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார், இடம் எப்போது மாறுகிறது என்று தேடுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் உருவகங்கள் பெரும்பாலும் தானியேல், எசேக்கியேல், சகரியாவிலிருந்து வருகின்றன, அவற்றைப் படித்து முடித்தவருக்கே அது திறக்கும்.